எக்ஸ்பிளிசிட்: ‘வெளிப்படையானது’ இல்லை, தூசணம்

பாட்டுக் கேட்கிற செயலியைத் தமிழுக்கு மாற்றி வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள், கெட்ட வார்த்தை வருகிற சில பாட்டுகளின் பெயருக்குப் பக்கத்தில் ‘வெளிப்படையானது’ என்று ஒரு முத்திரை இருக்கும். ஏதோ அவசரத்தில் செய்த மொழிபெயர்ப்பு என்று முதலில் விட்டுவிட்டேன். இப்போது வானொலி அறிவிப்பாளர்களும் ‘வெளிப்படையான வரிகள் நீக்கப்பட்ட பாடல்’ என்று கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். வெளிப்படையான வரிகளை நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பது என்ன, பூடகமான வரிகளா?

மூலச் சொல் எக்ஸ்பிளிசிட். மடிப்பை விரிப்பது என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஒளிவுமறைவின்றிச் சொன்னது என்று ஆங்கிலத்தில் பொருள்பட்டு, பாலுறவை மூடாமல் காட்டுவதற்கும் அதையே சொல்லப்போய், பாட்டுலகில் கெட்ட வார்த்தைக்கே பெயராகிவிட்டது. அமெரிக்காவில் அல் கோர் என்ற அரசியல்வாதியின் மனைவி டிப்பர் கோர், மகளுக்கு வாங்கிய பாடகர் பிரின்ஸின் இசைத்தட்டில் ஒரு பாட்டைக் கேட்டு அதிர்ந்து, 1985இல் மற்றப் பிரமுகர்களின் மனைவியரோடு சேர்ந்து அமைப்பு தொடங்க, விவகாரம் செனட் விசாரணை வரை போனது. இசை நிறுவனங்கள் எச்சரிக்கை ஒட்டச் சம்மதித்தன. 1990இல் அது பொதுவான கறுப்பு வெள்ளைச் சின்னமானது. வரலாறு இவ்வளவுதான்.

சரி, தமிழில் ‘வெளிப்படை’ என்றால் என்ன? ‘ஆள் வெளிப்படையானவர், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்’ என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு. இலங்கையில் 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு ‘வெளிப்படைத்தன்மை’ என்ற சொல் அடிபடாத கூட்டமே இல்லை. பிரதேச சபை டெண்டர் முதல் கோயில் கணக்கு வரை வெளிப்படையாக இருக்க வேண்டும் என்கிறோம். அதே சொல்லைத் தாயையும் தமக்கையையும் இழுத்துத் திட்டுகிற பாட்டுக்கும் ஒட்டினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அண்ணன் கேட்டார், ‘அரசியல்வாதிகளைக் கிழிக்கிற பாட்டாக்கும்?’ அவரில் பிழையில்லை. தமிழ் தெரிந்தவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

இலக்கணத்திலும் இதற்கு இடமில்லை. நேரே பொருள் தருவது வெளிப்படை, உய்த்துணர வைப்பது குறிப்பு என்று நன்னூல் பிரித்து வைத்திருக்கிறது. அந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். 1963இல் கிங்ஸ்மென் என்ற அமெரிக்கக் குழு பாடிய ‘லூயி லூயி’யில் அசிங்கம் இருக்கிறது என்று புகார் கிளம்பி, எஃப்பிஐ அந்த இசைத்தட்டை இரண்டு வருடத்துக்கு மேல் போட்டுப் போட்டுக் கேட்டது. எந்த வேகத்தில் ஓட்டினாலும் வரிகள் விளங்கவில்லை என்று கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கெட்ட வார்த்தை வரிகளில் இல்லையாம், டிரம் அடித்தவர் ஏதோ தடுமாறியதில் பின்னணியில் கத்தியதுதான் என்கிறார்கள். அப்புறம் நம்ம பக்கத்துக் கதை, 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத் துயரத்துக்கு நடுவே இணையத்தில் கசிந்த ‘பீப் பாட்டு’. வார்த்தையின் மேல் பீப் போட்டு மூடித்தான் இருந்தது. மூடி என்ன பயன், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பையனுக்குக்கூட அது எந்த வார்த்தை என்று தெரியும். தமிழ்நாட்டில் மாதர் அமைப்புகள் தெருவில் இறங்கின, கோயம்புத்தூரில் வழக்குப் பதிவானது. முதல் பாட்டில் வார்த்தை இருந்தும் யார் காதிலும் விழவில்லை. இரண்டாவதில் காதில் விழாமலே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. இரண்டிலும் வெளிப்படை எங்கே இருக்கிறது?

போதாதற்கு, ‘வெளிக்குப் போய் வாறேன்’ என்று பெரியவர்கள் சொல்வது எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். சொல்லக் கூசுவதை மறைக்க வந்த ‘வெளி’ அது. அதையே கூச்சமில்லாததற்கும் முத்திரையாகக் குத்துகிறார்கள்!

‘ஆபாசம்’ போடலாமே என்பார்கள். நம் நாட்டில் 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, சொல்லும் பழகியதுதான். ஆனால் ஆபாசம் என்றதும் மனம் பாலுறவுக்குப் போகிறது, வெறும் கோபத்தில் வருகிற வசவு அதில் அடங்காது. ‘கொச்சை’ என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். லயத்துப் பேச்சையே கொச்சை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

கையில் நல்ல சொல் இருக்கிறது: தூசணம். வடமொழி தூஷணத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் அது பழிச்சொல், தேவதூஷணம் என்கிற மாதிரி. இலங்கைத் தமிழில் அது நேராகக் கெட்ட வார்த்தை. மலையகத்தில் வீட்டுக்குள் ‘கெட்ட வார்த்தை’ என்றுதான் சொல்வோம், ஆனாலும் ‘தூசணத்தால ஏசினான்’ என்றால் விளங்காதவர் இல்லை. தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் வடமொழி வேண்டாம், ‘இடக்கர்’ இருக்கிறதே என்றார். அருமையான சொல். சபையில் சொல்லத் தகாதது என்று பொருள், தொல்காப்பியம் ‘அவையல் கிளவி’ என்கிறது. ஆனால் ‘இடக்கர்ப் பாடல்’ என்றால் யாரோ இடக்குப் பண்ணுகிற பாட்டு என்றுதான் நினைப்பார்கள். தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இடக்கரை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பாட்டைத் தணிக்கை செய்யப் பல வழி உண்டு: 1000 ஹெர்ட்ஸ் பீப் போடுவது, தாளத்தை விட்டுக் குரலை மட்டும் அமுக்குவது, வார்த்தையைத் தலைகீழாக ஓட்டுவது. இவை எல்லாம் மறைப்பு. 2010இல் அமெரிக்கப் பாடகர் சீலோ கிரீன் தன் தூசணப் பாட்டை வானொலிக்காக ‘ஃபர்கெட் யூ’ என்று மாற்றிப் பாடிக் கொடுத்தாரே, ஒரு வார்த்தைக்குப் பதில் இன்னொரு வார்த்தை, அதுதான் அசல் இடக்கரடக்கல். இரண்டையும் ‘ஒலி நீக்கம்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது சோம்பேறித்தனம்.

மூன்று மொழி புழங்கும் மலையில் இந்தத் தணிக்கை படுகிற பாடு தனி. ஹட்டனிலிருந்து நுவரெலியா போகிற பஸ்ஸில் சிங்கள ராப் பாட்டில் ஓர் இடத்தில் சத்தம் அறுந்து போனது, அடுத்த வரியிலேயே ஆங்கிலத் தூசணம் முழுசாக ஓடியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, இங்கிலீஷ் மீடியம் படிக்கிற ஒரு பிள்ளை மட்டும் ஆச்சியின் மடியில் முகத்தைப் புதைத்துச் சிரித்தது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு என்ன கேடு என்று தெரியவில்லை. அகராதியில் முதலில் இருக்கிற பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள், பாட்டைக் கேட்பதே இல்லை. காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுப்பதை வெள்ளைக்காரன் ‘பரேட்’ என்றதை எங்கள் பாட்டன்மார் ‘பெரட்டு’ ஆக்கினார்கள், ‘லைன்’ என்றதை ‘லயம்’ ஆக்கினார்கள். அவர்களுக்கு அகராதியும் இல்லை குழுவும் இல்லை, ஆனால் ஒரு பிள்ளைக்கும் விளக்கம் சொல்ல வேண்டி வரவில்லை. இன்று அந்தக் கறுப்பு வெள்ளைச் சின்னத்தை முழுசாக மொழிபெயர்த்து ‘பெற்றோர் ஆலோசனை: வெளிப்படையான உள்ளடக்கம்’ என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்த மாதிரி இருக்கிறது. ‘பெற்றோர் கவனத்துக்கு: தூசணம் உண்டு’ என்று எழுதினால் முடிந்தது. செயலியில் இடமில்லை, பெட்டிக்குள் ஓர் எழுத்துத்தான் போட முடியும் என்றால் ‘தூ’ போடட்டும். காறித் துப்புகிற மாதிரி இருக்கிறதே என்றாள் தங்கச்சி. இருந்துவிட்டுப் போகட்டும், வேலை நடக்கும்.