விழப்போகிற பல்தானே, பிடுங்கிடுங்க டாக்டர்!

பால் பல் சொத்தைக்கு வரும் பெற்றோரில் பாதிப் பேராவது இதைச் சொல்லிவிடுவார்கள். கடைவாய்ப் பால் பல் விழ 10, 11 வயதாகும். 5 வயதில் பிடுங்கினால், 6 வயதில் பின்னால் முளைக்கும் நிரந்தரப் பல் அந்தக் காலி இடத்துக்குள் சரிந்து வரும். அடியில் காத்திருக்கும் பல்லுக்கு இடம் போய்விடும்.

நான் முதலில் கேட்பது, வலி எப்போது வருகிறது என்றுதான். மிட்டாயோ ஐஸ்கிரீமோ பட்டதும் கூசி, சற்று நேரத்தில் அடங்கிவிட்டால், நரம்பு தேறுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. எக்ஸ்ரேயும் அப்படியே காட்டினால், பல பற்களுக்கு ஊசியும் வேண்டாம், டிரில்லும் வேண்டாம். சொத்தையைச் சுரண்டாமலே, மேலே ஸ்டீல் கேப்பைச் சிமெண்ட் வைத்து மாட்டிவிடலாம். உள்ளே அடைபட்ட கிருமிகளுக்குச் சர்க்கரை கிடைக்காது. சொத்தை பரவாமல் நின்றுவிடும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நோர்னா ஹால் என்ற பல் மருத்துவரின் பெயரால் இதை ஹால் முறை என்கிறோம். முதலில் கடிக்கும்போது கேப் உயரமாகத் தெரியும். சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும்.

வாயையே திறக்காத சின்னக் குழந்தைகளுக்குச் சில்வர் டயமின் ஃபுளோரைடு தடவுவோம். 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்த திரவம் இது. சொத்தையைக் கெட்டிப்படுத்தும், ஆனால் அந்த இடம் கறுத்துவிடும். முன்பல் என்றால் பாட்டிகள் ஒத்துக்கொள்வது கஷ்டம்தான்.

ராத்திரி எழுந்து அழுகிற வலிக்கு இவை போதாது. மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் தலைப்பகுதியிலுள்ள நரம்பை மட்டும் எடுத்துப் பார்ப்போம். பஞ்சை வைத்து அழுத்தினால் சில நிமிடங்களில் ரத்தம் நின்றுவிட்டால், வேர் நரம்பு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எம்.டி.ஏ. என்ற மருந்தை வைத்து மூடி, கேப் போடுவோம். பெரும்பாலும் ஒரே சிட்டிங்கில் முடியும். ரத்தம் நிற்கவில்லை என்றால் வேர் வரை சுத்தம் செய்ய வேண்டும், இல்லையேல் எடுத்துவிட வேண்டும்.

பல நாள் வலித்த பல் திடீரென்று வலிக்காமல் போனால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நரம்பு செத்திருக்கலாம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்; சின்னச் சீழ்க் கொப்புளம் இருந்தால் ஹால் முறைக்கு அந்தப் பல் தாங்காது. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் அடித்தால், மருந்துக்கடை மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்து வாருங்கள்.