கோடு நாலும் நிறைஞ்சிருக்கு, நெட் மட்டும் நகரலை

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நெட்வொர்க் சோதனைக்குப் போகும்போதெல்லாம் என் காதில் விழும் கோரிக்கை இது: “சார், ரேஞ்ச் சரியில்ல, இன்னொரு டவர் போடச் சொல்லுங்க.” போனை வாங்கிப் பார்த்தால் சிக்னல் கோடு நாலும் நிறைந்திருக்கும். சோதனைச் செயலியில் சிக்னல் பலம் மைனஸ் 80 டிபிஎம் (பலத்தை அளக்கும் அலகு); அருமையான அளவு. அதற்குக் கீழேயே எஸ்ஐஎன்ஆர், அதாவது சிக்னலுக்கும் தொந்தரவுக்கும் உள்ள விகிதம், மைனஸ் 2 டிபி. நமக்கான சிக்னலைவிட, மற்ற டவர்களின் குறுக்கீடும் இரைச்சலும் கூடுதல் என்று அர்த்தம். 4ஜியில் அடுத்தடுத்த டவர்கள் ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன. தென்னந்தோப்புச் சமவெளியில் தடுக்க மலையும் இல்லை. எங்கோ இருக்கும் டவரின் சிக்னலும் இங்கே வந்து விழும்.

பாடப்புத்தகங்கள் டவர்களை ஒழுங்கான அறுகோணங்களாக வரையும். நிஜத்தில் இடம் தருபவர் யார், கரன்ட் எங்கே, ரோடு எங்கே என்பதுதான் டவரின் இடத்தை முடிவு செய்கிறது. ஆகவே கைவிதைப்பில் விழுந்த விதைகள்போல, பாய்சான் என்ற கணித முறைப்படி தற்செயலாகச் சிதறிய புள்ளிகளாகவே டவர்களை வைத்துக் கணக்குப் போடலாம் என்று ஜெஃப்ரி ஆண்ட்ரூஸ், பிரான்சுவா பாச்செல்லி, ராதாகிருஷ்ண கண்டி மூவரும் 2011-இல் காட்டினார்கள். கண்டி நம் சென்னை ஐஐடியில் பேராசிரியர். நிஜ டவர்களோடு ஒப்பிட்டதில் அறுகோணக் கணக்கு சிக்னல் நிலைமையை உள்ளதைவிட நல்லதாகச் சொன்னது, சிதறல் கணக்கு உள்ளதைவிட மோசமாகச் சொன்னது.

அதில் ஒரு முடிவு எனக்கு ரொம்ப முக்கியம். குறுக்கீடு மட்டுமே தடை, சிக்னல் தூரத்தின் நாலாம் அடுக்கில் தேய்கிறது, ராலே என்ற கணித மாதிரிப்படி ஏறி இறங்குகிறது என்று கொண்டால், சிக்னல் குறுக்கீட்டைத் தாண்டும் வாய்ப்பு சுமார் 56 சதவீதம். டவர் அடர்த்தி அந்தச் சூத்திரத்திலேயே வராது. பத்து டவரை இருபதாக்கினாலும் அதே 56 தான். நம் டவர் கிட்டே வரும்போது தொந்தரவு செய்யும் டவர்களும் அதே விகிதத்தில் கிட்டே வந்துவிடுகின்றன.

டவரே வேண்டாம் என்று சொல்லவில்லை. டவர் இரட்டித்தால் ஒவ்வொன்றிலும் தொங்கும் ஆட்கள் பாதியாவார்கள், ஆளுக்குக் கிடைக்கும் வேகம் கூடும். வாளையாறு மலையடிவாரம்போலக் கோடே எட்டிப் பார்க்காத இடங்களில் புது டவர்தான் மருந்து. ஆனால் கோடு நிறைந்து, நாள் முழுக்க நெட் இழுக்கிற தெருவில் ஆன்டெனாவின் சாய்வையும் பவரையும் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். எல்லைக்கு இரு பக்கமும் வேறு வேறு டெலிகாம் வட்டம் (கேரளம், தமிழ்நாடு) என்பதால் இரண்டு பக்கமும் புகார் போக வேண்டும். சாயங்காலம் மட்டும் இழுத்தால் அது கூட்ட நெரிசல். அதையும் அப்படியே எழுதுங்கள். இடம், நேரம், டிபிஎம் மூன்றும் புகாரில் இருக்கட்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ போய், சிம் ஸ்டேட்டஸைத் தொட்டால் டிபிஎம் தெரியும்.