டென்சிட்டி ஆல்டிட்யூட்: தமிழில் எப்படிச் சொல்வது?

பெங்களூரு ஜக்கூரில் விமானம் ஓட்டக் கற்கும் நம் பிள்ளைகள் முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டிய சொல் இது. இதை 'அடர்த்தி உயரம்' என்று எழுதுவது எனக்குச் சம்மதமில்லை, காரணம் கடைசியில் வரும்.

முதலில் பொருள். நாம் நிற்கும் இடத்தில் காற்று எவ்வளவு அடர்த்தியோ, அதே அடர்த்தி சீர்தர வளிமண்டலத்தில் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரம். சீர்தர வளிமண்டலம் என்பது ஒரு கணக்கு: கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ், 1013.25 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம், மேலே போகப் போக 1000 அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி குறையும்.

பெங்களூரு கிட்டத்தட்ட 3000 அடி உயரம். கணக்குப்படி இங்கே 9 டிகிரிதான் இருக்க வேண்டும், ஏப்ரல் மதியம் 35 டிகிரி அடிக்கிறது. கூடுதல் 26 டிகிரி. டிகிரிக்கு 120 அடி என்று விமானிகள் போடும் தோராயக் கணக்கில் 3120 அடி கூடுகிறது. ஆக, தரையில் நிற்கும்போதே விமானத்துக்கு அது 6100 அடி, ஏற்காட்டையும் தாண்டிய உயரம்! அதே 35 டிகிரியில் மீனம்பாக்கம் 2500 அடிக்குள் நின்றுவிடும்.

காற்று மெலிந்தால் இறக்கையின் தூக்குவிசையும் எஞ்சினின் வலுவும் சேர்ந்தே குறைகின்றன. செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தில் வேகமானி 55 நாட் (மணிக்கு 55 கடல்மைல்) காட்டும்போது மூக்கைத் தூக்குவார்கள், எந்த ஊரானாலும் அந்த 55 மாறாது. ஆனால் 6000 அடிக் காற்றில் அது 55 காட்டும்போது விமானம் உண்மையில் 60 நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும், வலுக்குறைந்த எஞ்சினோடு அதை எட்ட ஓடுதளம் நிறையவே வேண்டும், கிளம்பிய பிறகும் மந்தமாகத்தான் ஏறும். ஓடுதளம் போதாவிட்டால் எடையைக் குறைப்பதுதான் வழி. தயாரிப்பாளர் சொல்லும் உச்ச எடை வேறு, இன்றைக்கு இந்த வெயிலில் தூக்க முடிந்த எடை வேறு. லடாக்கில் உயரத்தில் இருக்கும் லே நகரின் விமானங்கள் பெரும்பாலும் வெயில் ஏறுமுன் காலையிலேயே வந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரப்பதமும் நிலைமையை மோசமாக்கும், ஏனென்றால் நீராவி உலர்ந்த காற்றைவிட லேசு.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் டென்சஸ் என்றால் நெருக்கமான, ஆல்டஸ் என்றால் உயர்ந்த. நம் அடர்த்தியும் 'அடர்' என்ற வினையிலிருந்து வந்ததுதான், அடர்ந்த காடு என்கிறோமே. தனித்தனியாக இரண்டுக்கும் தமிழ் சரியாகவே இருக்கிறது, சேர்க்கும்போதுதான் சிக்கல். 'அடர்த்தி உயரம் அதிகம்' என்று கேட்டால் காற்று அடர்த்தியாக இருக்கிறது என்றே தோன்றும், உண்மை நேரெதிர். விமானம் கிளப்பப் போகிறவருக்கு இந்தக் குழப்பம் ஆபத்து. அதனால் நான் பரிந்துரைப்பது 'காற்றடர்த்தி ஒப்புயரம்'. ஒப்பு என்று வந்துவிட்டால் இது இடத்தின் உயரமல்ல, ஒப்பிட்டுச் சொன்ன உயரம் என்பது தெரிந்துவிடும். பேச்சில் ஒப்புயரம் என்றாலே போதும்: "மதியம் ஒப்புயரம் 6100 வருது, டேங்கை முழுசா நிரப்ப வேண்டாம்."