குண்டுவீச்சு விமானங்கள் இருட்டில் வழி கண்டது எப்படி?

ஜிபிஎஸ் இல்லாத இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஐரோப்பா முழுவதும் விளக்கணைத்துக் கிடந்த இரவுகளில், பல நூறு மைல் போய் ஒரு நகரத்தைக் கண்டுபிடித்துத் திரும்ப இளைஞர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

1940 ஏப்ரலில் பிரிட்டிஷ் விமானப்படை 'ஆபரேஷனல் ட்ரெய்னிங் யூனிட்' என்ற பயிற்சிப் பிரிவுகளை அமைக்கத் தொடங்கியது. பைலட், வழி கணக்கிடும் நேவிகேட்டர், வயர்லெஸ்காரர், துப்பாக்கி வீரர் எனத் தனித்தனியே பயிற்சி முடித்தவர்கள் இங்கேதான் ஒரு குழுவானார்கள். அதற்குப் பட்டியல் எதுவும் கிடையாது. எல்லோரையும் விமானம் நிறுத்தும் பெரிய கொட்டகை ஒன்றில் விட்டு, நீங்களே ஆள் பார்த்துச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் வாரக்கணக்கில் வெலிங்டன் போன்ற இரட்டை எஞ்சின் விமானங்களில் பறக்க வேண்டும். அந்தப் பறப்புகளில் நேவிகேட்டர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது முக்கியமாக ஒன்றைத்தான்: காற்று.

திசைகாட்டியும் வேகமானியும் விமானத்திலேயே உண்டு. ஆனால் வேகமானி காட்டுவது காற்றை ஒட்டிய வேகம். அந்தக் காற்றுத் திரளே நகர்ந்துகொண்டிருந்தால், ஆற்றைக் குறுக்கே நீந்துபவர் இழுபடுவதைப் போல விமானமும் இழுபடும். மணிக்கு 150 மைல் வேகத்தில் நேர் கிழக்கே மூக்கை வைத்துப் பறக்கிறோம், வடக்கிலிருந்து 30 மைல் வேகக் காற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 30 மைல் தெற்கே தள்ளிப் போயிருப்போம். தரையில் நம் தடம் மூக்குத் திசையிலிருந்து சுமார் 11 டிகிரி விலகியிருக்கும். பள்ளியில் படித்த வெக்டர் கூட்டல்தான், கடினமில்லை. காற்றின் வேகமும் திசையும் தெரியாதபோதுதான் சிக்கல்.

இரவில், கடலின் மேல், இதைக் கண்டுபிடித்த விதம் அற்புதமானது. விமானத்திலிருந்து தீப்பந்த மிதவை ஒன்றைக் கடலில் போடுவார்கள். அது காற்றோடு பறந்து வராது, விழுந்த இடத்திலேயே எரிந்துகொண்டிருக்கும். பைலட் திசை மாறாமல் பிடித்துக்கொள்ள, வால் பகுதித் துப்பாக்கி வீரர் தன் கூண்டைத் திருப்பித் துப்பாக்கியை அந்த வெளிச்சத்தின் மேல் குறி வைப்பார். விமானத்திலிருந்து மிதவைக்குப் போகும் கோடு என்பது கடந்து வந்த தடமேதான்! ஆகவே கூண்டு எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறதோ அதுதான் விலகல் கோணம். கூண்டிலுள்ள அளவுகோலைப் பார்த்து அவர் எண்ணைச் சொல்ல, நேவிகேட்டர் குறித்துக்கொள்வார்.

ஒரு கோணம் போதாது. வேகம், திசை என்று தெரியாதவை இரண்டு, கிடைத்த தகவலோ ஒன்று. அதனால் விமானத்தை வேறு திசைக்குத் திருப்பி மறுபடி அளப்பார்கள். பிறகு தாளில் இரண்டு மூக்குத் திசை அம்புகளையும் ஒரே புள்ளியில் முடியும்படி வரைந்து, ஒவ்வோர் அம்பின் தொடக்கத்திலிருந்தும் அதற்குரிய தடக் கோட்டை இழுப்பார்கள். தடக் கோடுகள் இரண்டும் ஓரிடத்தில் வெட்டும். அம்புகள் முடிந்த புள்ளியிலிருந்து அந்த வெட்டுமிடத்துக்கு ஒரு கோடு போட்டால் அதுதான் காற்று, திசையும் வேகமும் சேர்த்து. கண்ணுக்குத் தெரியாத ஒன்று பென்சில் முனையில் வந்து நிற்கிறது. எத்தனை தடவை வரைந்து பார்த்தாலும் எனக்கு இதில் அலுப்புத் தட்டுவதில்லை.

இந்தப் பயிற்சிக்குக் கொடுத்த விலை பெரிது. 1940 டிசம்பர் 31 அன்று ஸ்காட்லாந்தின் லாசிமத்திலிருந்து 20ஆம் பயிற்சிப் பிரிவின் வெலிங்டன் ஒன்று வழிகாணல் பயிற்சிக்குக் கிளம்பியது. பனிப்புயலில் ஓர் எஞ்சின் நின்றுபோனது. பாராசூட்டில் குதித்தவர்களில் வால் துப்பாக்கி வீரர் இறந்தார். குதிக்காமல் இருந்த இரண்டு பைலட்டுகளும் விமானத்தை லாக் நெஸ் ஏரியில் இறக்கித் தப்பினார்கள். 1976-ல் அந்த ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் ராட்சத 'விலங்கை'த் தேடி வந்த அமெரிக்கக் குழுவின் சோனாரில் (நீருக்கடியில் ஒலியால் தேடும் கருவி) சிக்கியது இந்த விமானம்தான். விலங்குக்கு இன்றுவரை ஆதாரம் இல்லை. ஆனால் கட்டுக்கதையைத் தேடுவதற்குக் கிடைக்கும் பணமும் ஆர்வமும் உண்மை வரலாற்றைத் தேடுவதற்குக் கிடைப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 1985-ல் மேலே தூக்கப்பட்ட அந்த விமானம் இப்போது இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் இறந்த 55,573 பேரில் பல ஆயிரம் பேர் பயிற்சியிலேயே போனவர்கள்.

சரி, இத்தனைக்கும் பலன் கிடைத்ததா? 1941 ஆகஸ்டில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட இரவுப் புகைப்படங்களை ஆராய்ந்த, பட் என்ற அதிகாரியின் அறிக்கை, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அதற்கு ஐந்து மைலுக்குள் போயிருந்தது என்றது. பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். போருக்கு முன் விமானங்களுக்குப் பணம் ஒதுக்கியவர்கள் இரவில் வழி காணும் ஆய்வைக் கண்டுகொள்ளவில்லை. தரைக்கு மேல் மேகம் மூடிவிட்டால் கோணம் அளக்கவே வழியில்லை. காற்றுக் கணக்கில் மணிக்கு 10 மைல் பிசகினால் மூன்று மணி நேரத்தில் 30 மைல் பிசகு.

1942 மார்ச்சில் 'ஜீ' என்ற ரேடியோ கருவி போருக்கு வந்தது. தரை நிலையங்களின் துடிப்புகள் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து அது இடத்தைச் சொல்லும். அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து ஜெர்மானியர்கள் அதைக் குழப்ப ஆரம்பித்தார்கள். எனவே நேவிகேட்டர்கள் ஜீ வேலை செய்யும் தூரம் வரை அடிக்கடி இடத்தைக் குறித்து, அதிலிருந்தே காற்றைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, அதற்கப்பால் பழையபடி பென்சிலையும் தாளையும் வைத்தே போனார்கள்.