குரல் உடைந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள்

திருப்பூர், கோவை, பொள்ளாச்சி வட்டாரங்களில் அலுவலகங்களுக்கும் தோட்டத்து வீடுகளுக்கும் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலில் நான் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி இது: "100 எம்பிபிஎஸ் வாங்கியிருக்கிறோமுங்க, அப்புறமும் பேச்சு ஏன் விட்டுவிட்டு வருகிறது?" கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருமுறை திட்டத்தை உயர்த்தியவர்கள். 50 இருந்தது 100 ஆகியிருக்கும், மாதக் கட்டணம் ஏறியிருக்கும், குரல் மட்டும் பழையபடியே உடைந்துகொண்டிருக்கும். அடுத்து 200-க்குப் போகலாமா என்று யோசிப்பார்கள். அந்தப் பணத்தைக் கட்டும் முன்பு இதைப் படித்துவிடுங்கள்.

நாம் பேசும் குரலை ஐபி போனோ (இணையம் வழியாகப் பேசும் மேசைத் தொலைபேசி) செல்பேசிச் செயலியோ பெரும்பாலும் 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பாக்கெட்டாக அனுப்புகிறது. விநாடிக்கு 50 பாக்கெட். அலுவலக ஐபி போன்களில் இன்றும் பரவலாக இருக்கும், குரலை எண்களாக மாற்றும் ஜி.711 முறையில், ஒரு பாக்கெட்டில் குரல் 160 பைட், முகவரி முதலான தகவல்கள் 40 பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்று பெருக்கிப் பார்த்தால் ஒரு திசைக்கு விநாடிக்கு 80 கிலோபிட். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட், அதாவது ஒரு லட்சம் கிலோபிட்) இணைப்பில் இப்படிப்பட்ட பேச்சுகள் ஆயிரத்துக்கு மேல் அடங்கும். 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓப்பஸ் முறைக்கு இதைவிடக் குறைவே போதும். ஆகவே இடம் போதாமல் குரல் உடைகிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. பாக்கெட் உரிய நேரத்தில் வந்து சேராததால் உடைகிறது.

20 மில்லி விநாடிக்கு ஒன்றாகக் கிளம்பியவை மறுமுனையிலும் அதே இடைவெளியில் வந்தால் பிரச்சினையே இல்லை. வழியில் ஒரு ரூட்டரில் ஒரு பாக்கெட் காத்துக் கிடக்க நேர்ந்தால் இடைவெளி 20, 95, பிறகு 2, 1, 2 என்று ஆகிவிடும். நீண்ட மௌனம், அதன் பின்னாலேயே ஒரு கும்பல். இந்தத் தாறுமாறுக்குத்தான் ஜிட்டர் என்று பெயர்.

நிட்டிங் (பின்னலாடை) தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கான வைத்தியத்தை விளக்குவது சுலபம். நூல் சுற்றிய கோனிலிருந்து உருவி வரும் நூல் ஒரே சீராக வராது. அதனால் மெஷினின் ஃபீடர் சில சுற்று நூலைத் தன்மேல் சுற்றி வைத்துக்கொண்டு, ஊசிக்குச் சீராக விடுகிறது. ஜிட்டர் பஃபர் செய்வதும் அதுவே. வந்த பாக்கெட்டை உடனே ஒலிக்கவிடாமல் 40, 60 மில்லி விநாடி இருப்பு வைத்து, 20-க்கு ஒன்றாக வெளியே விடுகிறது. இந்த இருப்பின் அளவுக்குள் நடக்கும் தாமதம் காதுக்குத் தெரியாது. அதைத் தாண்டி வரும் பாக்கெட் முழுசாக, பிழையில்லாமல் வந்தாலும் தூக்கி எறியப்படும், அதை ஒலிக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டதே. ஒரு கோப்பைத் தரவிறக்கும்போது தொலைந்த பாக்கெட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பேச்சில் அது பெரும்பாலும் காலம் கடந்துதான் வந்து சேரும்.

அப்படியானால் இருப்பைப் பெரிதாக்கிவிட்டால் என்ன? இருப்பு கூடக் கூடப் பேச்சு பின்தங்கும். ஒரு முனையில் பேசியது மறுமுனையில் கேட்க 150 மில்லி விநாடிக்குள் ஆனால் பெரும்பாலான உரையாடல்கள் இயல்பாக நடக்கும், 400-ஐத் தாண்டவே கூடாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கடலடிக் கேபிள் வழியாக 10,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதிலேயே 50 மில்லி விநாடி போய்விடுகிறது. குரலைத் துண்டாக்க 20, மறுமுனையில் இருப்பு 60, இடையிலுள்ள ரூட்டர்களுக்குக் கொஞ்சம். கையில் மிச்சம் எதுவும் இல்லை. இந்த நிலையில் நம் அலுவலகத்திலேயே இன்னொரு 200 மில்லி விநாடியைச் சேர்த்தால், இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்குவார்கள், ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள், மறுமுனையில் சரக்கு வாங்கும் பையர் பொறுமை இழப்பார்.

விட்டுப்போன துண்டை நிரப்ப ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதற்கு முந்தைய ஒலியையே நீட்டி ஒப்பேற்றுவார்கள். ஜி.711-க்கான முறையில் அது போகப் போகத் தேய்ந்து 60 மில்லி விநாடியில் மௌனமாகிவிடும். மூன்று பாக்கெட் அளவுதான் அது. ஆனால் பேச்சில் ஓர் அசை 100 முதல் 200 மில்லி விநாடி வரை நீளும். முந்நூறு, ஐந்நூறு, எழுநூறு ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுவது முதல் அசை மட்டுமே. அது போய்விட்டால் "...நூறு பீஸ்" என்று மட்டும் கேட்கும். கேட்டவர் தன் மனத்தில் இருக்கும் எண்ணை எழுதிக்கொள்வார். குரல் உடைவதை வெறும் தொந்தரவாக நான் பார்க்காததற்குக் காரணம் இதுதான். மருந்தின் அளவைத் தொலைவிலிருந்து சொல்லும் மருத்துவருக்கும் இதே ஆபத்து உண்டு.

இனி, இந்தத் தாமதம் எங்கே பிறக்கிறது? கடலுக்கடியில் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அலுவலகக் கதவுக்கு உள்ளேயே இருந்தன.

பல்லடம் சாலைப் பக்கம் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். காலையில் வேகச் சோதனை செய்தால் முழு வேகமும் காட்டும். பிற்பகலில், ஐரோப்பா விழித்து அழைப்புகள் தொடங்கும் நேரத்தில், குரல் உடையும். ஒரு சிறு பாக்கெட் போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று காட்டும் பிங் கட்டளையை ஒரு கணினியில் ஓடவிட்டு அழைப்பு நேரத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். 31, 33, 30, 32 என்று வரிகள் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று 140, அடுத்த வரி 290, பிறகு 410, 430, 425. அறைக்குள் "ஹலோ, ஹலோ" சத்தம். கணக்குப் பிரிவின் கணினி அன்றைய காப்புப் பிரதியை இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். சில விநாடிகளில் மீண்டும் 31, 32.

இதில் மர்மம் எதுவும் இல்லை. அந்த இணைப்பில் பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ். வெளியே போக வேண்டியதை வரிசையில் நிறுத்திவைக்க ரூட்டரில் ஓர் இடம் உண்டு. அது 500 கிலோபைட் என்றால் 4 மெகாபிட். விநாடிக்கு 10 மெகாபிட் வெளியேறும் வழியில் அந்த வரிசை கரைய 400 மில்லி விநாடி ஆகும். காப்புப் பிரதி வரிசையை நிரப்பிவிடுகிறது. 200 பைட் குரல் பாக்கெட் அதன் வாலில் போய் நிற்கிறது. பாக்கெட் எதுவும் தொலையக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் சாதனத் தயாரிப்பாளர்கள் நினைவகத்தை வாரி வழங்கியதால் வந்த வினை இது. பஃபர்புளோட் என்ற பெயரில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் இதைப் பரவலாக அறியச் செய்தார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், ஒரு பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும் முறை அது. அதன் வளர்ச்சியான எஃப்கியூ-கோடெல், பெரிய கோப்பையும் சிறிய குரலையும் வெவ்வேறு வரிசைகளில் பிரித்து விடுகிறது. 2018-இல் அதற்கான ஆர்எஃப்சி (இணையத் தொழில்நுட்ப முறைகளை விவரிக்கும்) ஆவணமும் வந்துவிட்டது.

ஆகவே ரூட்டர் வாங்கும்போது எத்தனை ஆன்டெனா என்று எண்ணாதீர்கள். இப்படி வரிசையை ஒழுங்குபடுத்தும் ஸ்மார்ட் கியூ அல்லது எஸ்கியூஎம் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், சோதனையில் கிடைக்கும் பதிவேற்ற வேகத்தில் 90 விழுக்காட்டை அதில் வரம்பாகக் கொடுங்கள். வரிசை நம் கட்டுப்பாட்டில் இருக்கும் ரூட்டரிலேயே உருவாக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த 10 விழுக்காட்டை விடுகிறோம். மேற்சொன்ன அலுவலகத்தில் இதைச் செய்ததோடு, காப்புப் பிரதியை இரவு 11 மணிக்கு மாற்றினோம். திட்டத்தை உயர்த்தத் தேவைப்படவில்லை. குரல் பாக்கெட்டுக்கு முன்னுரிமை முத்திரை குத்தும் வசதியும் ரூட்டர்களில் இருக்கும். அது நம் கட்டடத்துக்குள் நன்றாக உதவும். வெளி இணையத்தில் அந்த முத்திரையை யாரும் மதிப்பார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம்.

வைஃபை வேறொரு கதை. காற்றில் ஒரு பாக்கெட் சிதைந்தால் வைஃபை தானாகவே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அதனால் இழப்பு என்ற கணக்கில் பெரிதாக எதுவும் வராது, பெரும்பாலான இழப்பு தாமதமாக உருமாறியிருக்கும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தோப்பு வீடுகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். சாலையோர வீட்டுக்கு ஃபைபர் வந்திருக்கும். அங்கிருந்து தோப்புக்குள் இருக்கும் வீட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒன்றை வைத்து இணைத்திருப்பார்கள். மாசி, பங்குனியில் எல்லாம் சரியாக ஓடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கியதும் பேச்சு குதறிப் போகும். தென்னை மட்டை ஒவ்வொரு முறை ஆடும்போதும் சிக்னல் ஏறி இறங்குகிறது, ரேடியோ வேகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறது, அதற்குள் பாக்கெட்டுகள் குவிகின்றன. எதிர் ஆன்டெனா கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைப்பது தவறு. 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் இணைப்புக்கு, நேர்கோட்டைச் சுற்றி நடுப்பகுதியில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆரத்துக்கு வெளி வேண்டும். அதன் பெரும்பகுதியாவது தடையின்றி இருக்க வேண்டும். நெட்டைத் தென்னையின் கொண்டைக்கு மேல் கம்பம் நடுவது பெருஞ்செலவு, இடிக்கும் பயப்பட வேண்டும். சொட்டுநீர்க் குழாய்க்குப் பள்ளம் பறிக்கும்போதே கூடவே ஒரு குழாய் போட்டு ஃபைபர் இழுத்துவிடுங்கள் என்பதே நான் எப்போதும் சொல்லும் யோசனை. செம்புக் கம்பி ஈத்தர்நெட் 100 மீட்டருக்கு மேல் போகாது, இடியையும் வீட்டுக்குள் கொண்டுவரும்.

நகரத்து வீடுகளில் இவ்வளவு சிக்கல் இல்லை. டிவி அலமாரிக்குள், இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கும் ரூட்டரை வெளியே எடுத்து வைத்தாலே பாதி சரியாகிவிடும். மேசைமேல் இருக்கும் ஐபி போனுக்குக் கேபிள்தான் போட வேண்டும். அதில் விவாதமே வேண்டாம்.

அதே செல்பேசி, அதே டவர், சாதாரண அழைப்பு தெளிவாக இருக்கிறது, செயலி வழி அழைப்பு மட்டும் உடைகிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். வோல்ட்டி எனப்படும் 4ஜி குரல் அழைப்புக்கு அந்த நெட்வொர்க் தனி முன்னுரிமைப் பாதை ஒதுக்குகிறது. செயலி வழிப் பேச்சு பொதுவாக மற்ற இணையத் தரவோடு தரவாகத்தான் போகும்.

ஐபி போனின் திரை காட்டும் ஜிட்டர் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். 2003-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3550 வகுத்த கணக்குப்படி, புதிதாக அளந்த வித்தியாசத்தில் 16-இல் ஒரு பங்கு மட்டுமே அந்த எண்ணில் சேரும். சுத்தமாக ஓடும் இணைப்பில் ஒரு தடவை 160 மில்லி விநாடி உதை விழுந்தால் எண் 10 தான் ஏறும். ஒரு அசையை விழுங்கிய உதை அது. ஐபி போனின் திரையில் ஜிட்டர் 10 என்று பார்த்துவிட்டு "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், உச்ச அளவைக் காட்டச் சொல்லுங்கள்.

நீங்களே செய்துபார்க்க வேண்டியது இவ்வளவுதான். குரல் உடையும் நேரத்தில் இரண்டு சாளரங்களில் பிங் ஓடவிடுங்கள். ஒன்று உங்கள் ரூட்டருக்கு, மற்றொன்று வெளியே ஏதாவது ஒரு நிலையான முகவரிக்கு. ரூட்டருக்கே 80, 200 என்று தாவினால் கோளாறு வைஃபையில். ரூட்டருக்கு ஒன்று இரண்டு என்று நின்று, வெளியே மட்டும் தாவினால், வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லாப் பதிவேற்றத்தையும் நிறுத்திப் பாருங்கள். கேமரா, செல்பேசிகளின் புகைப்படக் காப்பு ஆகியவற்றையும் மறந்துவிடாதீர்கள். நிறுத்தியதும் அடங்கினால் வரிசை உங்களுடையது. எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும், கேபிளில் நேராகச் செருகிய பிறகும் தாவிக்கொண்டிருந்தால், நேரத்தோடு அந்தத் திரையைப் படம் பிடித்து இணைப்பு தருபவருக்கு அனுப்புங்கள். காலை 11 மணிக்கு எடுத்தது ஒன்று, மாலை 6 மணிக்கு எடுத்தது ஒன்று. "நெட் ஸ்லோ" என்று மட்டும் புகார் எழுதினால் வேகச் சோதனை செய்து காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "ரூட்டருக்கு 2, வெளியே 300, பதிவேற்றம் எதுவும் இல்லை" என்று எழுதினால், அவர்கள் தங்கள் பக்கத்து வரிசையைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.