பேஸ் ஆம்பில் சத்தம் குறைந்தால் நடுவில் வெட்டிப் பாருங்கள்

பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் ஒரேயடியாகச் செத்துப்போனால் காரணம் சீக்கிரம் அகப்பட்டுவிடும். ஃப்யூஸ் போயிருக்கும், இல்லையென்றால் எங்கோ ஒயர் விட்டிருக்கும். விளக்கு எரிகிறது, சத்தமும் வருகிறது, ஆனால் வால்யூமை முக்கால்வாசி திருகியும் பழைய பலம் இல்லை என்றால்தான் தலைவலி.

முதலில் கிட்டாரைப் பாருங்கள். ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிளைச் செருகியதுமே அது செலவாகத் தொடங்கும். வாசித்து முடித்தபின் கேபிளை உருவாமல் வைத்தால் இரவெல்லாம் வடியும். மல்டிமீட்டரில் 7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். அடுத்து, ஆம்பின் முகப்பில் 'ஆக்டிவ்' என்றோ 'மைனஸ் 15 டெசிபல்' என்றோ ஒரு பட்டன் இருக்கலாம். 15 டெசிபல் குறைப்பு என்றால் உள்ளே போகும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். யாரோ கைபட்டு அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஆம்புக்கு வரலாம். அதற்குள் இரண்டு பகுதிகள். ப்ரீஆம்ப் கிட்டாரின் மெலிந்த சிக்னலை வளர்த்து, டோனைச் சீர்செய்யும். பவர் ஆம்ப் அதை ஸ்பீக்கரைத் தள்ளும் அளவுக்குப் பெரிதாக்கும். இரண்டுக்கும் நடுவே, பெரும்பாலும் பின்பக்கத்தில், எஃபெக்ட்ஸ் லூப்பின் (எஃபெக்ட் பெடல்களை இடையில் மாட்டுவதற்கான வழி) 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்ற இரண்டு ஜாக்குகள் இருக்கும். சங்கிலியை வெட்டிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

வழக்கமான லூப்பில், ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒரு சின்ன உலோக நாக்கு உண்டு. பிளக் எதுவும் செருகாதபோது அது பக்கத்துத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். ப்ரீஆம்பின் சிக்னல் அந்தத் தொடுபுள்ளி வழியாகத்தான் பவர் ஆம்புக்குப் போகிறது. பிளக் நுழைந்தால் நாக்கு விலகிவிடும். லூப்பைத் தொடவே தொடாதவரின் ஆம்பில் இந்த நாக்கு வருடக்கணக்கில் அசையாமல் கிடந்து, அதன்மேல் ஆக்சைடு படியும். அப்போது சிக்னல் அரைகுறையாகத்தான் கடக்கும். ஓங்கி ஒரு நோட் அடித்ததும் சத்தம் திடீரென்று திரும்பி வந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

ஒரு சின்ன கிட்டார் கேபிளால் சென்ட்டையும் ரிட்டர்னையும் இணையுங்கள். சத்தம் பழைய நிலைக்கு வந்தால் குற்றவாளி அந்த நாக்கு. ஆம்பை அணைத்து, ஜாக்குக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கை 15, 20 தடவை செருகி எடுங்கள். நன்றாக உலர்ந்தபின் ஆன் செய்யுங்கள். நாக்கு தளர்ந்திருந்தால் மறுபடியும் தகராறு செய்யும். அப்போது ஜாக்கை மாற்றுவதே சரி.

மாற்றம் இல்லையா? போனின் ஒலியை முழுக்கக் குறைத்து, அதன் பாட்டை ரிட்டர்னில் கொடுத்து மெல்ல ஏற்றுங்கள். பலமாகக் கேட்டால் கோளாறு ப்ரீஆம்பில். மெலிந்தே கேட்டால் பவர் ஆம்பிலோ ஸ்பீக்கரிலோ.

ஸ்பீக்கரைச் சோதிப்பது எளிது. ஆம்பிலிருந்து கேபிளைக் கழற்றி, அதன் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே ஓம் அளவெடுங்கள். 8 ஓம் பெட்டி சுமார் 5.5 முதல் 7 வரை காட்டும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகக் கோத்த 4 ஓம் பெட்டி 3 சொச்சம் காட்ட வேண்டும். 6 காட்டினால் ஒன்று போய்விட்டது.

அளவு சரி, ஆனால் அடிநாதம் மட்டும் காணோம், கம்பியின் 'டிக்' சத்தம் கேட்கிறது என்றால், ஒரு ஸ்பீக்கரின் ஒயர்கள் மாறியிருக்கலாம். ஸ்பீக்கர் மாற்றியபின் இது சகஜம். ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸின் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூம்புகள் அந்த அலையை ஏறக்குறைய முழுசாகவே அழித்துவிடும். 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் பிளக்கில் தொட்டுப் பாருங்கள். இரண்டு கூம்புகளும் ஒரே பக்கம் அசைய வேண்டும்.

4 ஓமுக்குப் பதில் 8 ஓம் பெட்டி மாட்டியதால் சத்தம் போய்விட்டது என்பார்கள். டிரான்சிஸ்டர் ஆம்பில் சக்தி ஏறக்குறைய பாதியாகும், உண்மைதான். ஆனால் அது வெறும் 3 டெசிபல். பெரிய வீழ்ச்சிக்கு அது காரணமாகாது.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகள் உள்ள வால்வ் ஆம்பில் பவர் வால்வ் ஒன்று செத்தாலும் சத்தம் மெலிந்து, ஒலி கரகரக்கும். இங்கே மூடியைத் திறக்க வேண்டாம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். சோதிக்கிறேன் என்று ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகலாம்.