ஷொக் அடிக்காத பற்றரியும் எரியும்

இந்த மாதமும் ஒரு புத்தகப் பை என் வேலை மேசைக்கு வந்தது. அடிப்பக்கம் உருகி, சிப் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், உள்ளே கருகிய பற்றரிக் கட்டு ஒன்று. உப்புவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவர் தானே செய்த மின்சாரச் சைக்கிள். மோட்டர் பின் சில்லில், பற்றரி முதுகில். புகை மணந்தவுடன் பையைக் கழற்றி வீதியோரத்தில் எறிந்ததால் முதுகில் கொப்புளங்களோடு தப்பிவிட்டார். இப்படி இன்னும் எத்தனை பையைத்தான் பார்ப்பது?

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த பிறகுதான் திருகோணமலையில் பலர் பழைய சைக்கிளைத் துடைத்து மோட்டர் பூட்டத் தொடங்கினார்கள். நல்ல விஷயம். உவர்மலை ஏற்றத்தை மூச்சு வாங்காமல் ஏறலாம், செலவும் குறைவு. ஆனால் கடைப் பற்றரி விலை கூட என்பதால் பழைய லப்டொப்பில் கழற்றிய செல்களைச் சேர்த்துத் தாங்களே கட்டுகிறார்கள். சந்தைப் பக்கம் சைக்கிளை விட்டால் களவு போகுமே என்று அதைப் பைக்குள் மறைக்கிறார்கள். களவுப் பயம் எனக்கும் விளங்குகிறது.

பையில் போடாதே என்றால் எல்லோரிடமும் ஒரே பதில்தான் வருகிறது: "அண்ணா, 48 வோல்ட்தானே, ஷொக் அடிக்காதே!"

தம்பிமாரே, ஷொக் அடிக்காது என்பது ஓரளவு சரி. 48 வோல்ட் என்று சொல்வது 13 செல்களைத் தொடராகப் பூட்டிய கட்டைத்தான், முழுச் சார்ஜில் அது 54.6 வோல்ட் காட்டும். காய்ந்த கையால் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நம் தோல் கரண்டைத் தடுக்கிறது, அவ்வளவுதான். பைக்குள் கிடக்கும் சாவிக்கொத்துக்குத் தோல் இருக்கிறதா? அது பற்றரியின் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் அதற்குள்ளால் பாயும். வாகனம் திருத்துகிற யாரையும் கேட்டுப் பாருங்கள். கார் பற்றரி வெறும் 12 வோல்ட், கையால் தொட்டால் சுரணையே இருக்காது. அதே பற்றரியில் ஸ்பனர் குறுக்கே விழுந்தால் பொறி பறந்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். மோதிரம் மாட்டினால் விரலே வெந்துபோகும். வீட்டில் பிழை வந்தால் ட்ரிப் சுவிட்ச் விழும். உங்கள் பைக்குள் என்ன விழப் போகிறது? எத்தனை வோல்ட் என்று கேட்பதை விட்டுவிட்டு, இரண்டு முனையும் இப்படித் தொட்டுச் சோட் ஆனால் எத்தனை அம்பியர் போகும், அதை எது நிறுத்தும் என்று கேளுங்கள்.

அடுத்த பதில், "பி.எம்.எஸ் போட்டிருக்கிறேன்." பற்றரியைக் கண்காணித்து, பிழை வந்தால் கரண்டை வெட்டும் சின்ன போர்ட் அது. நல்லது, போடத்தான் வேண்டும். ஆனால் கட்டுக்கு வெளியே போகிற, உள்ளே வருகிற கரண்டை மட்டும்தான் அதால் வெட்ட முடியும். கட்டுக்குள்ளேயே செல்லோடு செல் உரசிச் சோட் ஆனால் அதால் நிறுத்தவே முடியாது. லப்டொப் பற்றரிக்குள் இருக்கும் உருளையான 18650 செல்லின் உடல் முழுவதும் நெகட்டிவ். மேலே இருக்கும் பொசிட்டிவ் குமிழுக்கும் அந்த உடலின் விளிம்புக்கும் நடுவில் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு கடதாசி வளையமும்தான். நிலாவெளி வீதியில் குழிக்குக் குழி பை குலுங்கும்போது செல்களை இணைக்கும் நிக்கல் பட்டி அந்த உறையைத்தான் அரைக்கிறது. நான் திறந்து பார்த்த கட்டுகளில் பாதிக்கு மேல் அந்த வளையமே இல்லை! சில செல்களில் நேரடியாகச் சோல்டர் வைத்திருந்தார்கள். அந்தச் சூடு செல்லின் உள் பாகங்களைக் கெடுக்கும். பட்டியைக் கண நேரத்தில் ஒட்டவைக்கும் ஸ்பொட் வெல்டிங் மெஷின் இல்லையென்றால் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

ஒரு செல் உள்ளுக்குள் சோட் ஆனால், பக்கத்தில் சமாந்தரமாக இருக்கும் செல்கள் எல்லாம் தங்கள் கரண்டை அதற்குள் கொட்டும். பிறகு ஒன்று மாறி ஒன்று எரியும். முதுகுப் பையில் அது நடந்தால் வாரைக் கழற்றும் நேரம்தான் உங்களுக்கு இருக்கிறது. நியூயோர்க்கில் 2023இல் மட்டும் லித்தியம் பற்றரித் தீயால் 18 பேர் இறந்தார்கள். பழைய பற்றரிகளில் கழற்றிய செல்களால் கட்டிய பற்றரியை விற்பதை அந்த நகரம் அதே ஆண்டு தடை செய்தது.

பைதான் வேண்டும் என்றால் பை இருக்கட்டும். உள்ளே ஒரு கெட்டியான பெட்டி வேண்டும். கட்டு அதற்குள் அசையாமல் இருக்க வேண்டும். பையைச் சைக்கிளின் பாரிலோ காரியரிலோ இறுக்கிப் பூட்டுங்கள், முதுகில் வேண்டாம். அதற்குள் வேறு எதுவும் வைக்கக்கூடாது. சாப்பாட்டுப் பெட்டியும் கூடாது. பொசிட்டிவ் வயரில், பற்றரிக்கு மிக அருகில் பியூஸ் போடுங்கள். வாகனக் கடையில் வாங்கும் சாதாரண பிளேட் பியூஸ் 32 வோல்ட்டுக்குச் செய்தது. 54 வோல்ட்டில் அது எரிந்த பிறகும் பொறி இடைவெளியைத் தாண்டிப் பாய்ந்துகொண்டே இருக்கலாம். டீசி 60 வோல்ட்டுக்குக் குறையாமல் எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு லைட் சுவிட்சை வெட்டுச் சுவிட்சாகப் போடும் வேலையும் வேண்டாம், அது ஏசிக்குச் செய்தது.

எங்கள் கடற்காற்றின் உப்பும் மாரி மழையும் இணைப்புகளைத் தின்னும். மாதம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கறுப்புப் பையை வெயிலில் விட்டுவிட்டு வந்து, சுடச்சுடச் சார்ஜில் போடாதீர்கள். பெரும்பாலான செல்களை 45 பாகைக்கு மேல் சார்ஜ் பண்ணக்கூடாது. சார்ஜர் 54.6 வோல்ட்தானா என்று மீட்டரால் அளந்து பாருங்கள். ஈய அமிலப் பற்றரியின் 48 வோல்ட் சார்ஜர் அதற்கு மேலே போகும். படுக்கும்போது சார்ஜ் வேண்டாம். வாசல் கதவடியிலும் வேண்டாம், தீப்பிடித்தால் நீங்கள் ஓட வேண்டிய வழி அதுதான்.

புகை கிளம்பினால் பற்றரியைக் காப்பாற்றப் போகாதீர்கள், அந்தப் புகை நஞ்சு. ஆட்களை வெளியே எடுங்கள். உடம்பில் சுட்ட இடத்தில் இருபது நிமிடம் தண்ணீர் ஓட விடுங்கள், பற்பசை பூசாதீர்கள், 1990 அம்புலன்சை அழையுங்கள்.

ஏற்கெனவே பைக்குள் கட்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு கெஞ்சல். யாராவது தெரிந்த டெக்னீசியனிடம் ஒருமுறை காட்டுங்கள். என்னிடம் வந்தால் பார்ப்பதற்குக் காசு வாங்க மாட்டேன். வரும்போது வயரைக் கழற்றி, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி, காரியரில் கட்டிக்கொண்டு வாருங்கள். வீங்கியிருந்தால் எடுத்துக்கொண்டு வரவும் வேண்டாம். வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், நான் வருகிறேன்.